நாலாவது தட்டு

அத்தியாயம் பதினேழு

போன வாரம் கார்குழலியை மொட்டை மாடிப் படியில், கையில் பிடுங்கிய செடியோடு உட்கார வைத்துவிட்டு வந்துவிட்டோம். பாவம், அவள் இன்னும் எழுந்திருக்கவில்லை.

செடி என்றால் திருநீற்றுப்பச்சை. ஓட்டல்காரர்கள் அதையே பாசில் என்று கூப்பிட்டு மரியாதை செய்வார்கள். இந்த மாடியில் மண் கிடையாது. தேங்காய் நார்த்தூள் நிரப்பிய சின்னச் சின்னத் தொட்டிகள், அவை வரிசையாக நிற்க நாலு பெரிய பிளாஸ்டிக் தட்டுகள், கீழே உரத்தண்ணீர் நிரப்பிய டிரம். டைமர் சொல்கிற நேரத்துக்கு மோட்டார் ஓடும், தண்ணீர் ஏறித் தட்டுகளை நிறைக்கும். கால் மணி நேரத்தில் மோட்டார் நிற்கும், தண்ணீர் முழுக்க இறங்கி டிரம்முக்கே திரும்பிவிடும். காலை ஆறரை, பதினொன்று, மாலை நாலரை என்று ஒரு நாளைக்கு மூன்று தடவை.

சாரம் என்கிற அந்தப் பகுதியில், அவர்கள் தெருவில், மற்ற வீட்டு மாடிகளில் எல்லாம் துணிதான் காய்கிறது. இவர்கள் வீட்டுத் துணி மட்டும் ஜன்னல் கம்பியில் காய்கிறது. அதைப் பற்றியும் வீட்டில் பேச்சு உண்டு.

முதல் தடவை போட்ட செடி வைகாசி வெயிலில் போயிற்று. இரண்டாவது, கார்த்திகைப் புயலில் தட்டோடு பக்கத்து வீட்டுக்குப் போயிற்று. பொங்கலன்று எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தபோது கார்குழலியே வாய்விட்டுச் சொன்னாள். "இன்னும் ஒரே ஒரு தடவ. இதுவும் போச்சின்னா மாடிய காலி பண்ணிடுறேன். பாக்யாவுக்கு ரூம் கட்டிக்குங்க."

பாக்யா என்கிற பாக்யலட்சுமி அவளுடைய நாத்தனார். ஏழு மாதத்துக்கு முன்னால் விழுப்புரத்தில் புருஷன் வீட்டிலிருந்து ஒரே ஒரு பையோடு வந்தவள். ஏன் வந்தாள் என்று இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை. பெரிய மார்க்கெட்டில் ஒரு பூக்கடையில் பூக் கட்டுகிறாள், இரவு ஹாலில் பாய் விரித்துப் படுக்கிறாள்.

அந்தப் பாயைப் பார்க்கும்போதெல்லாம் சுப்பராயனுக்குப் பொறுக்காது. கார்குழலியின் மாமனார், மூடிப்போன மில்லில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். "செடிக்கு எடமிருக்கு, பெத்த பொண்ணுக்கு எடமில்ல" என்று ஒருநாள் சொல்லிவிட்டார். "ஒங்க வீட்டு மாடிதான, எடுத்துக்குங்க மாமா" என்று இவளும் பட்டென்று சொல்லிவிட்டாள். இருபது நாளாக இரண்டு பேருக்கும் பேச்சு இல்லை. ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் மாமா ஹாலில் தொங்கும் காலண்டரைப் பார்த்துச் சொல்வார். மருமகள் குளிர்சாதனப் பெட்டியைப் பார்த்துப் பதில் சொல்வாள். நடுவில் மாட்டிக்கொண்ட நாகராஜ், அவள் புருஷன், நோணாங்குப்பம் படகுத்துறையில் படகு ஓட்டுகிறவன், காலையில் சீக்கிரமாகவே வேலைக்குக் கிளம்பிவிடப் பழகிக்கொண்டான்.

கதை இதுதான். இனி படிக்கு வருவோம்.

கார்குழலி கையிலிருந்த வேரை மறுபடி பார்த்தாள். நல்ல வேர் வேகவைத்த சேமியா மாதிரி வெள்ளையாக இருக்கவேண்டும். இது பழுப்பாக, தொட்டால் தோல் உரிந்து வழுக்கிக்கொண்டு வந்தது. மோந்து பார்த்தவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மணி பதினொன்றரை. நாலு மணிக்குப் பூர்ணிமா வருகிறாள். ஒயிட் டவுனில் ஒரு விருந்தினர் விடுதியின் சமையலறை அவள் பொறுப்பு. செடியைப் பார்த்துப் பிடித்துவிட்டால் வாரா வாரம் எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருந்தாள். இன்று வந்து இதைத்தான் பார்க்கப்போகிறாள்.

தண்ணீர் குடிக்கக் கீழே இறங்கினாள். ஹாலில் சுப்பராயன் காலண்டர் முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

"வெயிலு கொளுத்துது. மூணு வாட்டி தண்ணி போதுமான்னு தெரியல. நமக்கின்னா, யாரு கேக்கப்போறாங்க" என்றார் காலண்டரிடம்.

"செடிய பத்தி யாரும் கவலப்பட வேணாம்" என்றாள் இவள், குளிர்சாதனப் பெட்டியிடம்.

மாடிக்குத் திரும்பியவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பூர்ணிமாவுக்கு 'இன்னைக்கு வர வேண்டாம்' என்று போனில் தட்டினாள். அனுப்பவில்லை. அனுப்பிவிட்டால் எல்லாம் முடிந்ததாகிவிடும். அதற்கு முன்னால் எல்லாத் தட்டையும் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று தோன்றியது.

முதல் தட்டில் ஒரு தொட்டியைத் தூக்கினாள். பழுப்பு. இரண்டாவது தட்டிலும் பழுப்பு. மூன்றாவது கொஞ்சம் பரவாயில்லை, ஆனாலும் நுனியெல்லாம் கறுத்திருந்தது. நாலாவது தட்டு மூலையில், தண்ணீர்க் குழாய் முடிகிற இடத்தில் இருந்தது. அவளுக்கு எப்போதும் அதன்மேல் கொஞ்சம் குறை. தண்ணீர் அங்கே கடைசியாகத்தான் போகும், கடைசியாகத்தான் நிறையும்.

அதிலிருந்து ஒரு தொட்டியைத் தூக்கினாள். அடியிலிருந்த ஓட்டைகள் வழியாக வேர் கொத்துக் கொத்தாக வெளியே வந்திருந்தது. எல்லாம் வெள்ளை.

இன்னொன்றைத் தூக்கினாள். அதுவும் வெள்ளை. அந்தத் தட்டில் இருந்த இருபத்துநாலையும் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

அதே டிரம், அதே தண்ணீர், அதே உரம், அதே வெயில். நோய் என்றால் எல்லாத் தட்டுக்கும் போய்வரும் தண்ணீரோடு இங்கேயும் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அப்படியென்றால் இது நோய் இல்லை. இந்தத் தட்டுக்கு மட்டும் எது கிடைக்கவில்லை?

சேதராப்பட்டில் ஒரு கம்பெனியின் சோதனைக்கூடத்தில் ஆறு வருஷம் வேலை பார்த்தவள் அவள். அப்படி யோசித்ததும் மூளை வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது.

முதல் தட்டு நிறைந்துதான் இரண்டாவதுக்கு வழியும். அது நிறைந்து மூன்றாவது. நாலாவதுக்குத் தண்ணீர் எட்டவே ஏழெட்டு நிமிஷம் ஆகும். மோட்டார் கால் மணி நேரம் ஓடினால் நாலும் நனையும். ஐந்தாறு நிமிஷத்தில் நிறுத்திவிட்டால் முதல் மூன்று மட்டும் நனையும்.

டைமர் ஒருநாளும் ஐந்து நிமிஷத்தில் நிறுத்தாது. யாரோ கையால் போட்டு நிறுத்துகிறார்கள்.

டைமர் பெட்டிக்குப் பக்கத்தில், அவசரத்துக்கு என்று வைத்த சிவப்பு சுவிட்ச் இருந்தது. குனிந்து பார்த்தாள். பெட்டியின் விளிம்பில் ஒரு துண்டு வாழைநார் ஒட்டிக்கொண்டிருந்தது. பூக் கட்டுகிற நார்.

கார்குழலி அந்த நாரைப் பிய்த்து எடுத்தாள். பாக்யாவா? செடி போனால் மாடி யாருக்கு, ரூம் யாருக்கு என்று கணக்குப் போட ரொம்ப நேரம் ஆகவில்லை. ராத்திரி தலைவலி என்றால் தைலம் தேய்த்துவிடுகிறவள், அண்ணி அண்ணி என்று காலைச் சுற்றுகிறவள். அவளா இப்படி? கோபத்தைவிட வலிதான் அதிகமாக இருந்தது.

வெயில் நேரம் என்று பன்னிரண்டிலிருந்து மூன்றுவரை கார்குழலி பெரும்பாலும் மாடிக்கு வரமாட்டாள். யாராவது கைவைப்பதென்றால் அப்போதுதான். மோட்டார் தண்ணீருக்குள் கிடப்பதால் சத்தமும் கீழே வராது. பாக்யா மார்க்கெட்டிலிருந்து வர மதியம் ஒரு மணி ஆகும். சரி, வரட்டும் என்று துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு குடிதண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருந்த கைக்குட்டை அளவு நிழலில் உட்கார்ந்தாள்.

பன்னிரண்டேமுக்காலுக்குப் படியில் செருப்புச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தாள்.

வந்தது பாக்யா இல்லை. தலையில் ஈரத்துண்டோடு சுப்பராயன்.

முதல் தட்டின் முன்னால் போய் நின்றார். அந்த வேளையில் செடிகள் எல்லாம் தலை தொங்கிக் கிடந்தன. அவர் ஒரு இலையைச் சுண்டுவிரலால் தூக்கிவிட்டார். அது மறுபடி தொங்கியது.

"ஒங்கம்மாதான் எங்கிட்ட பேச மாட்றா. நீங்களும் இன்னாத்துக்கு மூஞ்ச தொங்கப் போட்டுக்கினு நிக்கிறீங்க?" என்றார். "மில்லுல ஈரம் கொறஞ்சா நூலு இப்பிடித்தான், பட்டு பட்டுன்னு அறுந்து தொங்கும். ஓடிப்போயி ஈரக்காத்து மிஷினத் தட்டி வுடுறதுதான் எனக்கு வேல. ஒரு நூலு அறுந்தாலும் எனக்குத்தான் திட்டு. இருங்க, இருங்க."

சுவிட்சைப் போட்டார். தண்ணீர் ஏறுவதைப் பார்த்தபடி இடுப்பில் கைவைத்து நின்றார். அந்த முகத்தில் இருந்தது அக்கறைதான் என்று தொட்டிக்குப் பின்னால் இருந்தவளுக்குப் புரிந்தது. எழுந்து போவதா இருப்பதா என்று தெரியவில்லை.

அதற்குள் மறுபடி படியில் சத்தம். கையில் பூப்பையோடு பாக்யலட்சுமி இன்று கொஞ்சம் முன்னாலேயே மூச்சு வாங்க மேலே வந்தாள். வந்தவள் அப்படியே நின்றாள்.

"யப்பா! நீ இங்க இன்னா பண்ற?"

சுப்பராயன் சட்டென்று சுவிட்சை அணைத்தார். "சும்மா. காத்தாட வந்தேன்."

"இந்த வெயில்லயா? மோட்டாரு போட்டியா?"

"ஒரு அஞ்சு நிமிசம். வாடிப் போயிருந்திச்சிம்மா. நீ இன்னாத்துக்கு வந்த?"

பாக்யா பூப்பையைக் கீழே வைத்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "நானும் அதுக்குத்தான் வந்தேன். தெனம் வந்து போடுவேன். கடையில பூவு வாடுனா தண்ணி தெளிச்சா நிமுந்துக்கும்ல, அந்த மாதிரின்னு நெனச்சேன்."

"நீயுமா?"

"செடி செத்தாத்தானப்பா ஒனக்கு ரூம் கட்ட எடம் கெடைக்கும்? நீ ஏன் ஊத்துற?"

சுப்பராயன் கோபமாகத்தான் திரும்பினார். "ரூமு வேணும்னு சொன்னது நெஜம். அதுக்கோசரம் அந்தப் புள்ள வளக்குறது என் கண்ணு முன்னால சாவணுமா? எப்பிடி இருக்குது ஒம் பேச்சு!"

"எனக்கு மட்டும் நல்லா இருக்குமா? பாக்யாவாலதான் அண்ணி செடி போச்சின்னு நாள பின்ன ஒரு சொல்லு வந்திச்சின்னா நான் எங்க போய் நிப்பேன்?"

தொட்டிக்குப் பின்னால் ஒரு சத்தம் கேட்டது. இரண்டு பேரும் திரும்பினார்கள். கார்குழலி எழுந்து நின்றுகொண்டிருந்தாள். அவள் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று அவர்களுக்குப் புரியவில்லை. அவளுக்கே புரியவில்லை என்பதுதான் உண்மை.

"ரெண்டு பேரும் சேந்து என் செடியக் கொன்னுட்டீங்களே!" என்றாள். சொல்லிவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்து சிரித்தாள். கண்ணீர் அது பாட்டுக்கு வழிந்தது.

சுப்பராயனுக்குக் காலண்டரைத் தேட நேரமில்லை. "இன்னாம்மா சொல்ற கொழலி? தண்ணி ஊத்துனா சாவுமா?" என்று நேராகவே கேட்டுவிட்டார்.

அவள் பழுப்பு வேரையும் வெள்ளை வேரையும் இரண்டு கையிலும் பிடித்துக் காட்டினாள். "பாருங்க மாமா. தண்ணி ஏறும்போது வேரு குடிக்கும். எறங்கும்போதுதான் அந்த எடத்துல காத்து பூந்து வேரு மூச்சு வுடும். நீங்க மூச்சு வுடவே வுடல. மூச்சு முட்டுனா வேரு அழுகிடும். அழுகுன வேரு தண்ணிய இழுக்காது, எல வாடும். வாடுச்சேன்னு நீங்க மறுபடி ஊத்துறீங்க. அதுவும் மத்தியானம், டிரம்மு தண்ணி கொதிக்கிற நேரம்!"

"மேல தொட்டுப் பாத்தா காஞ்சில்ல இருந்திச்சி?" என்றாள் பாக்யா.

"மேல காஞ்சிதான் இருக்கும். தண்ணி அடியிலேர்ந்துதான வருது? நார்த்தூளு உள்ளுக்குள்ள ஈரத்த புடிச்சி வச்சிக்கினு இருக்கும்."

சுப்பராயன் வெள்ளை வேரை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார். "மூலையில கெடந்ததால பொழச்சிது" என்றார். குரல் இறங்கியிருந்தது. "கேட்டிருக்கலாம் ஒன்ன. வாயத் தொறந்து ஒரு வார்த்த கேக்காம போயிட்டேன்."

"நானும்தான் மாமா. மூஞ்சக் காட்டிட்டேன்."

அவ்வளவுதான். இருபது நாள் சண்டைக்கு இரண்டு வரியில் முடிவு வந்தது.

பிறகு மூன்று பேருக்கும் பேச நேரமில்லை. டிரம்மைக் காலி செய்து புதுத் தண்ணீர் பிடித்து உரம் கலந்தார்கள். டிரம்மைச் சுற்றி ஈரச்சாக்கு கட்டி, மேலே பாக்யாவின் பழைய புடவையைப் பந்தலாக இழுத்துக் கட்டினார்கள். அழுகிப்போன வேர்களையும், மேலே வாடிக் கிடந்த நுனிகளையும் கார்குழலி கத்தரியால் வெட்டிவிட்டாள். நாற்பதாவது தொட்டியில் கை நின்றது. பழுப்புக்கு நடுவே, நூல் நுனி அளவில், புதிதாக ஒரு வெள்ளை வேர் எட்டிப் பார்த்தது. அடுத்த தொட்டியிலும் இரண்டு தெரிந்தன. மூன்றாவது தட்டில் நிறையவே இருந்தன.

"பொழச்சிக்கும்" என்றாள். சத்தமாகச் சொல்லிப் பார்த்துக்கொள்ளவேண்டும் போலிருந்தது. "ஒரு மூணு வாரம் ஒழுங்கா வுட்டா பொழச்சிக்கும்."

படகுத்துறைக்குப் போன் போட்டு நாகராஜிடம் எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொன்னாள். 

"ஏங்க, இருக்கீங்களா?"

"இருக்கேன்" என்றான் நாகராஜ். "கொழலி, திட்டாத. காலைல எட்டு மணிக்குக் கௌம்பும்போது நானும் ஒரு அஞ்சு நிமிசம் போட்டுட்டுதான் போவேன். நீ மூஞ்சி வாடிக் கெடந்தியா, செடியாவது நல்லா இருக்கட்டுமேன்னு..."

கார்குழலி போனைக் காதிலிருந்து எடுத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று தடவை என்று அவள் கணக்குப் போட்டு வைத்த தண்ணீர் ஆறு தடவை போயிருக்கிறது. அத்தனையும் பிரியத்தில் போனது. இவர்களை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள்? சிவப்பு சுவிட்சின்மேல் ஒட்டுநாடாவை நாலு சுற்றுச் சுற்றினாள்.

நாலு மணிக்குப் பூர்ணிமா வந்தாள். வெயிலில் ஸ்கூட்டர் ஓட்டி வந்த எரிச்சல் முகத்தில் இருந்தது. மாடியைப் பார்த்ததும் அது இன்னும் கூடியது. "என்னங்க, எல்லாம் மொட்டையா கெடக்குது?"

மறைக்கக் கார்குழலிக்கு மனம் வரவில்லை. "தண்ணி அதிகமாப் போயிடுச்சி. இப்பதான் கண்டுபுடிச்சேன். இந்த மூணு தட்டும் தேற மூணு வாரம் ஆகும். இந்த நாலாவது மட்டும் பாருங்க" என்றாள்.

பூர்ணிமா நாலாவது தட்டுக்குப் போனாள். ஓர் இலையைக் கிள்ளிக் கசக்கி மோந்தாள். இன்னொன்றைக் கிள்ளி வாயில் போட்டு மென்றாள். அவள் மெல்லும்வரை சுப்பராயனும் பாக்யாவும் படி ஓரத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"எங்க மொதலாளியம்மா, அந்த மதாம், மோந்து பாத்துத்தான் எதையும் உள்ள வுடுவாங்க" என்றாள் பூர்ணிமா. "இத உள்ள வுடுவாங்க. திங்கக்கெழமைலேர்ந்து இந்தத் தட்டு எனக்கு. மத்தது தேறுனதும் சொல்லுங்க, வந்து பாக்குறேன். அதிகமா தண்ணி ஊத்திட்டேன்னு ஒத்துக்கிட்ட முதல் ஆளு நீங்கதான். எல்லாரும் வெயில்மேல பழி போடுவாங்க."

ஸ்கூட்டர் தெரு முனை திரும்பும்வரை பார்த்துவிட்டு சுப்பராயன் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். "நான் போயி காபி போடுறேன். நீங்க ரெண்டு பேரும் குந்துங்க" என்று இறங்கிப் போனார். மாமா காபி போடுவது அந்த வீட்டில் எப்போதோ நடக்கிற சங்கதி.

நாலரைக்கு டைமர் டிக்கென்றது. மோட்டார் ஓடவில்லை. கார்குழலி முன்னாலேயே மோட்டாரின் பிளக்கைப் பிடுங்கியிருந்தாள். செடிகளுக்கு இன்று விடுமுறை. வெயில் தாழ்ந்ததில் இலைகள் லேசாக நிமிர்ந்திருந்தன. சாயந்திரமானால் எந்தச் செடியும் கொஞ்சம் நிமிரும், அதை நம்பக்கூடாது என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் பார்க்கச் சந்தோஷமாக இருந்தது.

அந்தச் சந்தோஷத்துக்கு நடுவில் ஒன்று குத்தியது. செடி பிழைத்தால் மாடி அவளுக்கு. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவளுக்கு மறுபடி ஹாலும் பாயும்தான்.

"பாக்யா, காலைல ஒன்மேல சந்தேகப்பட்டேன். வாழைநாரப் பாத்துட்டு தப்பா நெனச்சிட்டேன். மன்னிச்சிக்கோ" என்றாள். "இப்ப ஒன் ரூமுக்கு இன்னா பண்றது, சொல்லு. பாதி மாடிய எடுத்துக்குறியா?"

பாக்யா பழுப்பு வேர் ஒன்றைக் காலால் ஒதுக்கினாள். "எனக்கு ரூமு வேணாம் அண்ணி. அத ஒங்கிட்ட சொல்லணும்னுதான் தெனம் மேல வருவேன். கீழ அப்பா இருப்பாரு, மேல ஒன்னத் தனியாப் புடிக்கலாம்னு. நீ இருக்க மாட்ட. வந்ததுக்கு சுவிட்சப் போட்டுட்டு எறங்கிடுவேன்."

"வேணாமா? ஏன்?"

பாக்யா வாயைத் திறந்தாள். அதற்குள் மடியிலிருந்த போன் அதிர்ந்தது. திரையில் ராஜ்கமல் என்று வந்தது, ஏழு மாதமாக இந்த வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத பெயர். அவள் புருஷன். யாராவது பக்கத்தில் இருந்தால் அந்த அழைப்பைத் துண்டித்துவிடுவாள். கார்குழலியே பல தடவை பார்த்திருக்கிறாள்.

இன்று துண்டிக்கவில்லை. எழுந்து நாலாவது தட்டுவரை நடந்துபோய் காதில் வைத்தாள்.

"சொல்லிட்டேன், பாதி சொல்லிட்டேன்" என்றாள் தாழ்ந்த குரலில். பிறகு, "நீ வர்றியா, நான் வரட்டுமா?"

படியில் டம்ளர்கள் இடிபடும் சத்தம். காபியோடு ஏறி வந்த சுப்பராயனைக் கார்குழலி மேலிருந்து மூன்றாவது படியிலேயே கை காட்டி நிறுத்தினாள்.

"யாரும்மா போன்ல?" என்று அவர் கிசுகிசுத்தார்.

மாமாவிடம் இனி எதையும் மறைக்கக்கூடாது என்று மத்தியானம்தான் முடிவு செய்திருந்தாள். ஆனால் இது தான் சொல்லவேண்டிய செய்தி இல்லை, பாக்யா சொல்லவேண்டியது.

"தெரியலியே" என்றாள் கார்குழலி, சுவரைப் பார்த்து.